கடைசி சீட்டு

ஆரம்பாக்கத்தில் ஊருக்கே தெரிந்து, சுகிர்தா டீச்சருக்கு மட்டும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அது வேறெங்கும் இல்லை, அவள் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு ஷீட் போட்ட கொட்டகைக்குள்தான் இருந்தது. பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவள். ஐரோப்பாவில் எந்த ராஜா எந்த ராஜாவோடு எந்த வருஷம் கூட்டுச் சேர்ந்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொந்த வீட்டுக் கொட்டகைக்கு எதற்குப் பூட்டு என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்கள் மேல் எனக்கு இருக்கிற எரிச்சல் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான்.

அவள் கணவன் பென்னி வண்டிக்காரன். அவன் அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் சேற்றை மிதித்தே போய்ச் சேர்ந்தார். மகன் ஒரு வேனுக்குச் சொந்தக்காரன். விடியும் நேரத்தில் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயிண்டுக் கம்பெனி வாசலில் இறக்குவான். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவான். முதல் ஷிஃப்டுக்குத் தோதாக ரயில் கிடையாது. பஸ்ஸை நம்பிப் போனால் போய்ச் சேர்வதற்குள் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். கேட் சாத்தினால் அன்றைய கூலி போச்சு. அதனால் பென்னியின் வேன் வந்தால்தான் அந்த வீடுகளில் உலை கொதிக்கும்.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமியார் ஹெலன். வேனில் ஏறுகிற பெண்களில் பாதிக்கு மேல் இந்துக்கள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவர்களே வேனைக் கழுவிப் பொட்டு வைத்து, பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றி உடைப்பார்கள். பென்னி தடுத்ததில்லை, பொரி கடலைக்கும் அவனே கொடுப்பான். ஹெலனுக்குத்தான் அது ஆகாது. இந்த வருஷம் என்ன ஆயிற்றோ, வேன் பக்கத்தில் கற்பூரம் கூடவே கூடாது என்று அவனே கறாராகச் சொல்லிவிட்டான். ஹெலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, என் பிள்ளையின் மனசைக் கர்த்தர் மாற்றினார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாட்சி சொன்னாள். சபை முழுக்க அல்லேலூயா போட்டது. சுகிர்தாவும் கைதட்டினாள்.

கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வயல்களில் வரப்பு தெரியாமல் தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வுக்கு ரிவிஷன். ஜன்னல் பக்கத்து பெஞ்சுகளைச் சாரலுக்குப் பயந்து நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு முதல் உலகப் போர். லூசிட்டானியா கப்பலுக்குப் பாடத்தில் நாலு வரிக்கு மேல் கிடையாது, ஆனால் சுகிர்தாவுக்கு அந்தக் கப்பல் மேல் தனிப் பிரியம். பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்க அதைவிட நல்ல கதை அந்தப் பாடத்தில் இல்லை என்பாள். நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பயணிகள் கப்பல், அயர்லாந்துக் கரை தெரிகிற தூரத்தில் ஜெர்மன்காரனின் நீர்மூழ்கி விட்ட ஒரே குண்டில் அடிபட்டு, சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்துக்குள் முழுகிப் போனதையும், ஆயிரத்துக்கு மேல் ஆள் செத்ததையும் கண்ணில் பார்த்தவள் போலச் சொன்னாள். குழந்தைகள் செத்த கதைக்கு முன்பெஞ்சில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

கப்பலின் அடியில் துப்பாக்கித் தோட்டாக்களும் ஏற்றியிருந்தார்கள் என்றாள். மேலே ஜனம், கீழே தோட்டா. ஒரு குண்டுதான் விழுந்தது, ஆனால் இரண்டு தடவை வெடித்தது. இரண்டாவது வெடிச்சத்தம் எதனால் என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றாள். அதற்குப் பிறகு சொன்னதுதான் வினையாகப் போயிற்று. கப்பல் புறப்படும் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே, இதில் ஏறினால் உங்கள் பாடு என்று ஜெர்மன்காரன் பேப்பரில் எச்சரிக்கை போட்டிருந்தான், அதைப் படித்துவிட்டும் ஏறினார்கள் என்றாள். வகுப்பு சிரித்தது. முட்டாளுங்களா மிஸ் என்று மணிகண்டன் கேட்டான். சுகிர்தாவும் சிரித்துவிட்டு, கப்பல் மூழ்கக் காரணங்கள் என்று போர்டில் எழுதிப்போட்டாள். ஒன்று, ஜெர்மனியின் தாக்குதல். இரண்டு, ஆயுதம் ஏற்றியது. மூன்று, பயணிகளின் அலட்சியம்.

எல்லோரும் எழுதினார்கள். மூன்றாவது பெஞ்சில் பூமிகா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பெயிண்டுக் கம்பெனியில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிற சின்னப்பொண்ணுவின் மகள்.

"கை வலிக்குதா பூமிகா?"

"மூணாவது எழுத மாட்டேன் மிஸ்."

"ஏன்?"

"தெரிஞ்சாலும் ஏறித்தான ஆவணும்? அந்தாண்ட போயாவணும், வேற வண்டி கெடையாது. இதுல இன்னா மிஸ் அலட்சியம்?"

உயிரைவிடவா அவசரம் என்று சுகிர்தா கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பின் சிரிப்பு அவளுக்குத் தைரியம் கொடுத்திருந்தது. கீழே வெடிக்கிற சாமான் இருக்கிறதென்று தெரிந்தால் உங்க அம்மா ஏறுவாங்களா, சொல்லு பார்ப்போம் என்றாள்.

"டெய்லி ஏறுது மிஸ். உங்க ஊட்டு வேன்லதான். பின்னாடி சீட்டுக்குக் கீய பெயிண்டுல கலக்குற தின்னர் கேன் வெச்சிக்கீறாங்க. கடைசி சீட்டுக்கு ஆரும் வர மாட்டாங்கன்னு அவங்களே வாரத்துக்கு ஒருத்தர்னு முறை வெச்சிக்கினாங்க. இந்த வாரம் எங்கம்மா முறை."

ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன கேன், எந்த வேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அத்தனை தலையும் பெஞ்சைப் பார்த்துக் குனிந்திருந்தது. அந்தக் குனிவைப் பார்த்துத்தான் சுகிர்தாவுக்கு அது உண்மை என்று உறைத்தது. அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிச்சலை யார் மேல் காட்டுவது? எதிர்த்துப் பேசியதற்காகப் பூமிகாவை வெளியே போய் நிற்கச் சொன்னாள். அந்தப் பெண் பெல் அடிக்கும்வரை சாரலில் நனைந்துகொண்டு தாழ்வாரத்தில் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் கொட்டகைச் சாவியைக் கேட்டாள். ஹெலன் கருவாட்டைச் சுடுதண்ணீரில் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே பழைய டயர்தானே இருக்கிறது, உனக்கு எதற்கு என்றாள். சாவி சபைக் காலண்டருக்குப் பின்னால் தொங்கியது. சுகிர்தா எடுத்துக்கொண்டு போய்த் திறந்தாள்.

திறந்ததும் காரமான வாசனை மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. வண்டிக்காரன் வீட்டில் டீசலும் ஆயிலும் மணக்கத்தான் செய்யும் என்று இத்தனை நாள் அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்ட வாசனைதான். நனைந்த கோணிச் சாக்குகளுக்கு அடியில் பிளாஸ்டிக் கேன்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. பின்னாலேயே வந்த ஹெலனும் பார்த்தாள். படிக்காதவள்தான், ஆனால் கணக்கு அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்ப கற்பூரம் வாணாம்னது இதுக்குத்தானா?" என்றாள். கர்த்தர் மாற்றிய மனசைப் பற்றிச் சபையில் தான் அழுதது ஞாபகம் வந்திருக்கும். முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் தாய்மார்களுக்கு மகன் மேல் வரவேண்டிய கோபம் ஒருபோதும் நேர்வழியில் போவதில்லை. "பூட்டி வெச்சத நீ இன்னாத்துக்குத் தொறந்த?" என்று மருமகள் மேல் பாய்ந்தாள். சபையில் எவளாவது கேட்டால் நான் எந்த மூஞ்சியோடு நிற்பேன் என்று அதற்கும் சுகிர்தாவையே திட்டினாள். கருவாடு தண்ணீரிலேயே ஊறிக்கொண்டு கிடந்தது.

பென்னி பெண்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது கொட்டகை திறந்தே இருந்தது. அவன் மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை. பசியோடு வந்தவன், தட்டைப் போடு என்று உட்கார்ந்தான். சரக்கு ஆந்திரா பக்கமிருந்து பில் இல்லாமல் வருகிறது, டெம்போவில் போட்டால் செக்போஸ்டில் நிறுத்திப் பார்ப்பார்கள், ஸ்டாஃப் வண்டியை நிறுத்த மாட்டார்கள் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கும் சந்திரமோகன், கேனை ஏற்றினால்தான் ஆள் ஏற்றும் டிரிப்பும் உனக்கு என்று இந்த வருஷ ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டானாம்.

"பொம்பளைங்க குந்தினு போற வண்டிய எவன் நிறுத்திக் குனிஞ்சி பாக்கப் போறான்?" என்றான், தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு.

"அந்தக் கப்பல்லயும் இதான் பண்ணாங்க."

"எந்தக் கப்பலு? காட்டுப்பள்ளி துறைமுகத்துல நிக்கிதே, அதுவா?"

சுகிர்தா கப்பலை விட்டுவிட்டாள். ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். மூடி டைட்டாக இருக்கிறது, ஈரச் சாக்குப் போட்டிருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றான். இத்தனை மாசமாக என்ன ஆயிற்று என்று திருப்பிக் கேட்டான்.

"நானுந்தான் அதே வண்டில போறேன். எனக்கு உசிரு இல்லியா?"

"நீங்க கதவாண்ட குந்துறீங்க. கடைசி சீட்ல ஆரு குந்துறாங்க?"

"அது அவங்களா முறை வெச்சிக்கினாங்க. நானா குந்தச் சொன்னேன்?"

"அப்ப அவங்க முறை வெச்சது உனக்குத் தெரியும்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுகிர்தா அவனை ஒருமையில் பேசியதில்லை. பென்னி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஸ்கூல் வாத்தியார் வேலையை ஸ்கூலோடு வைத்துக்கொள், காக்களூரில் உன் அப்பன் மெஷினில் கை கொடுத்தபோது அந்தக் கம்பெனிக்காரனை இப்படிக் கேட்டீர்களா என்றான். கையை இழந்தவரை இந்தப் பேச்சில் இழுத்தது அவளுக்குத் தாங்கவில்லை. ஹெலன் இருவரையும் அடக்கவில்லை, அடுப்படியிலிருந்து மகனுக்கே ஒத்து ஊதினாள். கடைசியாக அவன் சொன்னான்:

"அவங்களாண்டயே போயி கேளு. வண்டி நிக்கணும்னு ஒருத்தி சொல்லட்டும், நான் நிறுத்திடுறேன்."

அவனுக்குத் தெரியும், ஒருத்தியும் சொல்லமாட்டாள். தெரிந்துதான் சொன்னான்.

மறுநாள் விடியலில் சுகிர்தா குடையோடு ரயில்வே கேட் டீக்கடைக்குப் போனாள். பெண்கள் சாப்பாட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைக்கு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓலைக் கூரைக்குக் கீழே நின்றிருந்தார்கள். இரண்டு பேர் ஒரு பன்னைப் பிய்த்து டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். சுகிர்தா நேராக விஷயத்துக்கு வந்தாள். வேனில் கேன் இருக்கிறது, எனக்கு நேற்றுத்தான் தெரியும், இன்றைக்கு யாரும் ஏறாதீர்கள் என்றாள்.

நன்றி சொல்வார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள் போலிருக்கிறது. சின்னப்பொண்ணு டீ கிளாசை வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"நேத்துதான் தெரியுமா? உன் ஊட்லயே அடுக்கி வெச்சிக்கினு, ஊரே மூக்கப் புட்ச்சிக்கினு போவுது, உனக்கு நேத்துதான் வாசன வந்துச்சா? இத நாங்க நம்பணும்."

"சத்தியமா தெரியாது சின்னப்பொண்ணு."

"எம் பொண்ணு சொன்னதுக்கு இன்னா பண்ண? மயைல நிக்க வெச்ச. ராத்திரிலேர்ந்து இருமுது."

சுமலதா என்கிற சின்ன வயசுக்காரி, இன்றைக்கு ஏறாவிட்டால் எங்கள் கூலியை நீ தருவாயா என்று கேட்டாள். ஏறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை வடக்கிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்றாள் இன்னொருத்தி. அப்படியானால் ஆர்டிஓவிடம் புகார் கொடுக்கிறேன் என்று சுகிர்தா சொன்னதும் எல்லோருமாகச் சேர்ந்து அவள் மேல் விழுந்தார்கள். வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் எங்களை யார் ஏற்றிக்கொண்டு போவது, உன் ஆர்டிஓவா என்று கத்தினார்கள். மாசச் சம்பளம் வாங்குகிறவளுக்கு எங்கள் பேஜாரு எங்கே தெரியும் என்றார்கள். சுகிர்தா, அலட்சியம் என்று போர்டில் எழுதிய கையைக் குடைக் கம்பியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேன் வந்தது. பென்னி மனைவியைப் பார்த்தான், பெண்களின் முகத்தையும் பார்த்தான். ஜெயித்தவன் மாதிரி ஹாரன் அடித்தான். பெண்கள் ஏறத் தொடங்கினார்கள். அப்போது சுகிர்தா குடையை மடக்கினாள், அவர்களுக்கு நடுவில் புகுந்து ஏறினாள், நேராகப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். காலுக்குப் பின்னால் ஈரச் சாக்கு தட்டுப்பட்டது.

சின்னப்பொண்ணு பின்னாலேயே வந்தாள். "எய்ந்திரு. இந்த வாரம் என் முறை."

"இன்னிக்கி நான் குந்துறேன்."

"ஒரு நாளிக்கி குந்தினு போய்ட்டு, ஊர்ல பெருமையா சொல்லிக்கினு திரிவ. எய்ந்திரு சொல்றேன்."

சுகிர்தா எழுந்திருக்கவில்லை. சின்னப்பொண்ணு முணுமுணுத்துக்கொண்டே முன்னால் போய், டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். இப்போது எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. வேன் கிளம்ப வேண்டியதுதான்.

பென்னி சாவியில் கை வைத்தான். திருகவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"எறங்குடி."

"வண்டிய எடு."

அவன் எடுக்கவில்லை. உனக்கு ஸ்கூலுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டான், அப்புறம் கெஞ்சலாக ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், அதற்கப்புறம் கெட்ட வார்த்தை சொன்னான். சுகிர்தா அசையவில்லை. ஒண்ணும் ஆவாதுன்னு நீதான சொன்ன, எடு என்றாள். அவன் மறுபடி சாவியைத் தொட்டான். கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவ எறங்கட்டும், எடுக்கிறேன் என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னான்.

முதலில் கவனித்தது சின்னப்பொண்ணுதான். அவன் கை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

"இன்னா நைனா, ஏன் எடுக்க மாட்ற?"

"சும்மா குந்து."

"கையி நடுங்குது பாரு உனக்கு." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நேத்து நான் அங்க குந்தினு இருந்தேன். பாட்டு போட்டுக்கினு ஓட்ன. ஒரு நாளாச்சும் எங்களுக்கோசரம் இந்தக் கையி நடுங்கிச்சா?"

கேன் இருப்பது அவர்களுக்குத் தெரியும். வெடிக்கும் என்பதும் தெரியும். ஒன்றும் ஆகாது என்று அவன் உண்மையாகவே நம்புகிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்கள். அவனுக்கும் பயம் உண்டு, அந்தப் பயம் தங்களுக்காக ஒருநாளும் வந்ததில்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. உயிர்ப் பயத்தைவிட அந்த அவமானம்தான் அவர்களைக் குத்தியது. சுமலதா பையை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக இறங்கி மழையில் நின்றார்கள். சின்னப்பொண்ணும் இறங்கிப் பின்கதவைக் கையால் தட்டினாள்.

"எறக்கு."

பென்னி தனியாகவே இறக்கினான். ஒருவரும் கை கொடுக்கவில்லை. டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவன் அதை அவசரமாகச் சேற்றில் போட்டு மிதித்தான். என் அடுப்பாண்ட வெக்காத என்று டீக்கடைக்காரன் விரட்டினான். பென்னி கேன்களை ரோட்டைக் கடந்து தூக்கிக்கொண்டு போய், தண்ணீர் நின்ற வயலோரம் வைத்தான். அவன் சட்டைப் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சந்திரமோகனாகத்தான் இருக்கும். இதையெல்லாம் சுகிர்தா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரிப் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும். அவன் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது, ஆனாலும் இறங்கிப் போய் ஒரு கேனைப் பிடிக்க மனசு வரவில்லை.

எல்லாம் முடிந்ததும் பெண்கள் மறுபடி ஏறினார்கள். கம்பெனி கேட்டைச் சாத்துவதற்குள் போனால்தான் உண்டு. இனி தன் வேலை முடிந்தது என்று நினைத்துச் சுகிர்தா எழுந்து வாசல் பக்கம் வந்தாள். சின்னப்பொண்ணு சாப்பாட்டுப் பையைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தாள்.

"நீ எங்க போற?"

"ஸ்கூலுக்கு."

"அது ஒம்போது மணிக்கிதான? கம்பெனி வாசல்ல எறங்கி பஸ் புட்ச்சி வா. போய் அங்கியே குந்து."

"கேன்தான் எறக்கியாச்சே."

"இன்னிக்கி எறக்கனான். நாளைக்கி நீ இல்லன்னா திரும்பி ஏத்துவான், நாங்களும் திரும்பி ஏறுவோம். எங்களுக்கு வேற வண்டி கெடையாது. இனிமே முறை கிறை ஒண்ணும் இல்ல. கடைசி சீட்டு உன்னுது. நீ குந்தினாதான் நாங்க ஏறுவோம்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"ஞாயித்துக்கெயம சர்ச்சு கீதே." என்றாள் சுகிர்தா.

"ஞாயித்துக்கெயமையும் எங்களுக்கு ஷிஃப்டு கீது. சர்ச்சுக்கு உன் மாமியா போவட்டும். சாட்சி சொல்றதுக்கு அதான் கெட்டி."

அந்தக் குரலில் நன்றியும் இல்லை, சிநேகமும் இல்லை. சுகிர்தா மற்ற முகங்களைப் பார்த்தாள். ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பென்னி கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பிப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். கீழே இடம் காலியாக இருந்தது, வாசனை மட்டும் போகவில்லை.

வண்டி கிளம்பியது. பாட்டு போடவில்லை. பூமிகாவின் அம்மா கதவுக்குப் பக்கத்துச் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, செக்போஸ்ட் தாண்டுகிற வரைக்கும் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.